மேல்நோக்கிப் பெய்த மழை

"தொடாதீங்க! நான் இறங்கி வர்றவரைக்கும் பெட்டியத் தொடாதீங்க!"

"எனக்குப் பிடிக்கத் தெரியும்! நீங்க தள்ளுங்க போதும்!"

தெரியவில்லை...

அந்த மரப்பெட்டி லாரியின் பின்பக்கத்திலிருந்து சரிந்து, அவள் விரல்களை உரசிக்கொண்டு, தடாலென்று தரையில் விழுந்தது. உள்ளே வரிசையாக அடுக்கியிருந்த கல் உருளைகள் திசைக்கொன்றாக உருண்டன. ஒன்று சேற்றில். ஒன்று சக்கரத்துக்கு அடியில். ஒன்று நேராக வந்து அவள் செருப்பின் மேல் ஏறி நின்றது.

இதில் மழை வேறு!

அவளுக்குப் பாதி உயிர் போய்விட்டது. ஆற்றின் குறுக்கே ஒரு பாலம் வரப்போகிறது. தூண் நிற்கும் இடங்களில் பூமியைத் துளைத்து, மணிக்கட்டுத் தடிமனில் கல் உருளைகளாக எடுத்து, ஆழம் எழுதிப் பெட்டியில் அடுக்கி, இந்தத் தகரக் கிடங்குக்கு அனுப்புவார்கள். எந்த ஆழத்தில் என்ன பாறை என்று பார்த்து எழுதுவது அவள் வேலை. முதல் வேலை. மூன்று மாதம் ஒழுங்காக முடித்தால்தான் நிரந்தரம். இன்னும் ஒன்பதே நாள். கிடங்கில் எல்லோரும் அவளை இன்னும் 'புதுசு' என்றுதான் கூப்பிட்டார்கள்.

லாரியின் மேலே நின்றவன் ஒரே தாவில் குதித்தான். துளை போடும் குழுவின் ஆள். இத்தனை நாள் வேறு யாரோ கொண்டுவருவார்கள். இன்றைக்குத்தான் இவன்.

"அடி பட்டுச்சா?"

"கல்லுக்கா?"

"உங்களுக்குங்க!"

"எனக்கு ஒண்ணுமில்ல... ஐயோ, கல்லு! கல்லு!"

"பதறாதீங்க. இருபது கோடி வருஷமா மண்ணுக்கடியில நசுங்கிக் கிடந்த கல்லு. ஒரு தடவ விழுந்ததுக்கா செத்துரும்?"

"இருபது கோடின்னு உங்களுக்கு யாரு சொன்னது?"

"உங்க மேடம்தான். எங்களுக்கும் காது இருக்குங்க."

அந்தப் பயத்திலும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நிமிர்ந்து பார்த்தாள்...

பார்த்திருக்கக் கூடாது.

காய்ந்த கல்லில் நிறமே தெரியாது. எல்லாம் ஒரே சாம்பல். ஸ்பாஞ்சில் தண்ணீர் தொட்டுத் துடைத்தால்தான் உள்ளே ஒளிந்திருக்கும் சிவப்பும் பழுப்பும் தேன்நிறமும் வெளியே வரும். அவன் கண் இமைகளில் மழை நின்றது. அதற்குக் கீழே... அந்தப் பழுப்புக்கு எந்தப் பாடப்புத்தகத்திலும் பெயர் இல்லை.

இருவரும் குந்தியபடி கற்களைப் பொறுக்கினார்கள். அவன் எடுத்துக் கொடுக்க, அவள் வாங்கி வாங்கி வைத்தாள். சேற்றுப்பாறைத் துண்டு ஒன்று விழுந்த வேகத்தில் பிஸ்கட் போலக் குறுக்கே பிளந்திருந்தது. பிளந்த முகத்தில் சின்னச் சின்னதாக ஏழெட்டுக் குழிகள்.

"இது என்னங்க, அம்மை போட்ட மாதிரி இருக்கு?"

"ஐயோ, அழகு!" அவள் பயத்தையே மறந்தாள். "மழைங்க இது! என்னைக்கோ ஆத்தங்கரையில சேறு காஞ்சுட்டு இருந்திருக்கு. அது மேல நாலு தூறல் விழுந்து நின்னுருச்சு. அடுத்த வெள்ளம் மணலக் கொண்டுவந்து அப்படியே மூடிருச்சு. மலை தேய்ஞ்சு மணலாகி, மணல் அமுங்கிக் கல்லாகி... அந்தத் தூறல் மட்டும் அப்படியே இருக்கு பாருங்க!"

அவன் குழிகளைப் பார்க்கவில்லை. சொல்லிக்கொண்டிருந்த முகத்தைப் பார்த்தான். அந்த இருபது கோடி வருஷத் தூறலின் மேல் இன்றைய துளி ஒன்று சொட்டென்று விழுந்தது.

"பதினாலாவது மீட்டர் வரிசைய ஒரு தடவ சரிபாத்துரலாமா?" என்றான், தொண்டையைச் செருமியபடி.

"படிச்சது நீங்களா, நானா?"

"சரிங்க, படிச்சவங்களே!" இரண்டு கையையும் தூக்கிச் சரணடைந்தான்.

அவள் மார்க்கரை எடுத்து ஒவ்வொரு துண்டிலும் அம்புக்குறி போட்டாள். எது மேல் பக்கம் என்று காட்டும் குறி. கல்லின் மேல் கை ஓடியது. மனசு வேறெங்கோ ஓடியது.

அதற்குப் பிறகு லாரி வரும் நாள் எல்லாம் அவளுக்கு விடியும்போதே தெரிந்துவிடும். பத்தரைக்கு ஹாரன் கேட்கும். பத்து மணிக்கே அவள் வாசலில் எதையாவது தேடிக்கொண்டிருப்பாள்.

"என்னங்க தொலைச்சீங்க?"

"ரப்பர்."

"போன தடவையும் ரப்பர்தானே?"

"நிறைய ரப்பர் வெச்சிருக்கேன். உங்களுக்கென்ன?"

வீட்டில் அக்கா வேறு விடவில்லை. "ஏண்டி, கல்லுப் பாக்கப் போறவளுக்கு எதுக்குடி காதுல புதுத் தொங்கட்டான்? கல்லு உன்னத் திரும்பிப் பாக்குதா?"

"போடி" என்றாள். தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தாள்.

ஆறாவது நாள் எல்லாம் உடைந்தது.

மேடம் அந்தக் கிடங்கின் தலைமைப் பாறை ஆய்வாளர். கழுத்தில் எப்போதும் ஒரு சின்னப் பூதக்கண்ணாடி தொங்கும். அன்றைக்கு அதைக் கண்ணில் வைத்துக்கொண்டு, பிளந்த அந்தச் சேற்றுப்பாறைத் துண்டின் மேல் வெகுநேரம் குனிந்திருந்தார்.

"இங்க வாம்மா. இந்தக் குழியெல்லாம் எந்தப் பக்கம் பாக்குது?"

"கீழ... மேடம்."

"மழை விழுந்த குழி எப்படிம்மா கீழ பாக்கும்? அந்தக் காலத்துல மழை தரையிலேர்ந்து ஆகாசத்துக்குப் பெஞ்சுதா?"

மேடம் விரலால் வரிசை முழுவதும் தொட்டுக்கொண்டே போனார். ஒவ்வொரு வெள்ளம் வடியும்போதும் கனமான பருமணல் முதலில் தங்கும், பொடி மணல் பிறகு, சேறு கடைசியில். இங்கே ஒவ்வொரு அடுக்கும் நேர்மாறு. பதினாலாவது மீட்டரே தலைகீழ்!

"தூண் உக்காரப் போறது பதினாலரையில, இந்த வரிசைக்கு நடுவுல. இந்தப் பெட்டிய நம்பினா, தடிச்ச சேத்து அடுக்கு அதுக்கு மேல இருக்கு, வெட்டி எடுத்துரலாம். உண்மையில அது தூணுக்கு அடியில இருக்கு. கல்லு மாதிரி இருக்கும், தண்ணி பட்டாக் களிமண்ணு. அது மேலயா பாலத்த நிறுத்தறது?" மேடம் நிமிர்ந்தார். "வரச்சொல்லு மேஸ்திரிய."

துளைக் குழுவின் மேஸ்திரி வந்தார். பின்னாலேயே அவனும். மேஸ்திரி அவனுக்குச் சித்தப்பா என்று அவளுக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

"என் கையால அடுக்கின பெட்டி மேடம். தலைகீழா வராது."

"அப்ப மழைதான் தலைகீழாப் பெஞ்சிருக்கு, இல்ல? ஒரு வரிசை இப்படின்னா மத்த முப்பது பெட்டிய நான் எப்படி நம்பறது? வேற குழு வந்து முதல்லேர்ந்து துளைக்கட்டும். நாளைக்குக் காலையில கடிதம் குடுத்துர்றேன்."

மேஸ்திரியின் முகம் சுருங்கிப்போனது. அவன் வாய் திறக்கவில்லை. அவளை ஒரு தடவை பார்த்தான். அவ்வளவுதான்.

சொல்லு... சொல்லு... என்று அவளுக்குள் ஒன்று கத்தியது. வேலை போயிடுமே, அம்மா சொந்தக்காரங்க எல்லாருக்கும் ஃபோன் போட்டுச் சொல்லியாச்சே என்று இன்னொன்று அதன் வாயைப் பொத்தியது. அவள் தரையைப் பார்த்தபடி நின்றாள்.

லாரி கிளம்பும்போது ஓடினாள். மூச்சு வாங்கியது.

"ஏன்... ஏன் நீங்க சொல்லல? பெட்டி விழுந்தது உங்களுக்குத் தெரியும்ல?"

"உங்களுக்கும் தெரியும்ல?"

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"நான் சொல்ல மாட்டேங்க" என்றான். கோபம்கூட இல்லை. அதுதான் வலித்தது. "உங்களக் காட்டிக் குடுத்து எனக்கு அந்த வேலை வேணாம். ஆனா சித்தப்பா இன்னைக்கு மத்தியானம் சாப்பிடல. அத மட்டும் சொல்லணும்னு தோணுச்சு."

லாரி போய்விட்டது. வெயில் பளிச்சென்று அடித்தது. அவளுக்கு மட்டும் உலகமே மங்கலாகத் தெரிந்தது.

சாயங்காலம் அக்கா சமையலறையில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். "என்னடி, திருட்டு முழி முழிக்கிற?"

எல்லாவற்றையும் கொட்டினாள். அவன் கண்களை மட்டும் விட்டுவிட்டு. அக்காவுக்கு அதுவும் புரிந்துவிட்டது.

"பயமா இருக்காடி?"

"ரொம்ப... வேலை போயிட்டா? அம்மா என்ன சொல்லுவா?"

"அம்மா ரெண்டு நாள் பேச மாட்டா. மூணாம் நாள் சாப்பிட்டியான்னு கேப்பா. அவ்ளோதான். ஆனா அந்த ஆள் இனிமே உன்னப் பாக்கும்போது எப்படிப் பாப்பான்னு யோசிச்சியா?" அக்கா ஈரக் கையால் அவள் தலையில் ஒரு குட்டு வைத்தாள். "போ. சொல்லிட்டு வந்து அழு. சொல்லாம அழாத."

மறுநாள் காலை. மேடத்தின் மேஜை மேல் கடிதம் தயாராக இருந்தது. மேஸ்திரி சட்டை மடிப்பைக் கீழே இறக்கிவிட்டுக்கொண்டு, பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி நின்றார். அவன் சுவரோரமாக. மேடம் பேனாவைத் திறந்தார்.

"மேடம்!"

அவள் குரல் அவளுக்கே கீச்சென்று கேட்டது.

"கையெழுத்துப் போடாதீங்க. அவங்க அடுக்கினது சரிதான். நான்தான்... லாரியிலேர்ந்து இறக்கும்போது பெட்டியக் கீழ போட்டேன். பொறுக்கி வெக்கும்போது பதினாலாவது வரிசைய மறுகோடியிலேர்ந்து ஆரம்பிச்சுட்டேன். அம்புக்குறியும் நானே தப்பாப் போட்டேன். அவர் சரிபாக்கலாம்னு சொன்னார். நான்தான் திமிராப் பேசினேன். நேத்தே சொல்லியிருக்கணும். பயந்துட்டேன்."



மேடம் பேனாவை மூடினார். "பெட்டி விழறது தப்பில்ல. எழுதி வெக்காததுதான் தப்பு. ஆனா எனக்கு ஒண்ணு புரியல. கல்லு மேல அவ்ளோ ஆசை உனக்கு. பருமணல் எந்தப் பக்கம்னு கண்ண மூடிட்டே சொல்லுவ. அன்னைக்கு மட்டும் எப்படிக் கோட்டைவிட்ட? எதப் பாத்துட்டு இருந்த?"

பொய் சொல்லியிருக்கலாம். மழை மேடம், கண்ணில் தண்ணி மேடம்... வாயில் வந்தது வேறு.

"இவரோட கண்ண."

மேஸ்திரிக்குப் புரையேறியது. மேடம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மறுபடி மாட்டினார். அவளுக்குத் தரை பிளந்து பதினாலு மீட்டர் ஆழத்துக்கு உள்ளே போய்விடலாம் போலிருந்தது. அவனைத் திரும்பிப் பார்க்கும் தைரியம் மட்டும் வரவில்லை.

கடிதம் நாலாகக் கிழிந்து குப்பைக்கூடைக்குப் போனது.

"சந்தேகம் அந்த ஒரு பெட்டி மேலதான். மேஸ்திரி, நீங்க வேலையத் தொடருங்க. என்னை மன்னிச்சிருங்க. நீ... உன் பயிற்சி இன்னும் மூணு மாசம் நீளும். அந்தப் பெட்டியோட அஞ்சு வரிசையையும் துண்டு துண்டாப் பொருத்தி எனக்குக் காட்டணும். எடுத்துக் குடுத்த ஆளும் கூட உக்காரட்டும். ரெண்டு பேரும் போங்க."

கிடங்கின் கோடியில், பெட்டிக்கு இந்தப் பக்கம் அவள், அந்தப் பக்கம் அவன். உடைந்த முனைகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்த்தார்கள். பொருந்தும்போது டக்கென்று ஒரு சின்னச் சத்தம் வரும். மற்றபடி பேச்சே இல்லை. பத்து நிமிஷம்... இருபது நிமிஷம்...

"ஏதாவது சொல்லுங்களேன்" என்றாள், கல்லிடம் சொல்வது போல.

"என்னங்க சொல்றது? எட்டு வருஷமா இந்தக் கல்லத் தூக்கறேன். கையில எடுத்தாலே எது மேல், எது கீழ்னு கையே சொல்லிரும். மேல் பக்கத்த இடதுகைப் பக்கமா வெச்சுத்தான் யாருக்கும் நீட்டுவேன். தூக்கத்துலகூட மாத்திக் குடுக்க மாட்டேன்." அவன் கையிலிருந்த துண்டைக் கீழே வைத்தான். "அன்னைக்குப் பதினாலாவது மீட்டர் பூராவும் மாத்தித்தான் நீட்டினேன். நேத்து சாயங்காலம்தான் அது எனக்கே உறைச்சுது."

"எப்படி... எப்படி மாத்தினீங்க?"

"நீங்க எப்படி மாத்தினீங்களோ, அப்படித்தான்."

அவள் முகத்தில் ரத்தமெல்லாம் ஏறியது. சந்தோஷமா, கோபமா, அவளுக்கே தெரியவில்லை.

"அப்ப ஏன் உள்ள சொல்லல? நான் மட்டும் அத்தனை பேர் முன்னாடி மானத்த விட்டுட்டு நின்னேனே!"

"சித்தப்பா முன்னாடி எப்படிங்க..."

"எனக்கு மேடம் முன்னாடி மட்டும் இனிச்சுதா?"

அவன் அவளையே ஒரு நொடி பார்த்தான். பிறகு எழுந்தான். கையை முழங்காலில் துடைத்தான். விறுவிறுவென்று நடந்து மேடத்தின் அறைக் கதவைத் தட்டாமலே திறந்தான்.

"மேடம்! சித்தப்பா! கல்ல மாத்திக் குடுத்தது நான்தான். தப்புல பாதி எனக்கும் உண்டு. நானும் அன்னைக்குப் பெட்டியப் பாக்கல. இவங்களத்தான் பாத்துட்டு இருந்தேன். இப்பவும் இவங்களத்தான் பாக்கணும் போல இருக்கு... எப்பவும்!"

உள்ளே ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. "டேய்..." என்று மேஸ்திரி ஆரம்பித்து, பாதியிலேயே சிரித்துவிட்டார்.

"அதப் பத்தித்தான் நாங்களும் இங்க உக்காந்து பேசிட்டு இருக்கோம்" என்றது மேடத்தின் குரல். "கதவச் சாத்திட்டுப் போப்பா!"

அவன் திரும்பி வரும்போது காதுமடல் இரண்டும் சிவந்திருந்தன. அவள் முகத்தை இரண்டு கையாலும் மூடியிருந்தாள். விரல் இடுக்கு வழியாக அவனைப் பார்த்தாள். ரொம்ப நேரம்... பார்த்தாள்.