உப்பு விழுந்த குளம்

'நான் கொல்லவில்லை. நான் கொல்லவில்லை. நான் கொல்லவே இல்லை!'

ரூபினியின் வாய் திறக்கவில்லை. மனம்தான் கத்திக்கொண்டிருந்தது.

கேட்டுக்கு உள்ளே, வாழைமரத்துக்குப் பக்கத்தில் இருந்த சின்னக் குளத்தில் ஒரு சிவப்பு மீன் பக்கவாட்டில் மிதந்தது. மற்ற மீன்கள் எல்லாம் மேலே வந்து, காற்றைக் கடிப்பதுபோல் வாயைத் திறந்து திறந்து மூடின.

செத்துப்போனது சம்பல். அது அவளுடைய தோழி அஃப்ஸானாவின் மீன்.

"நான் அப்பவே சொன்னேன்," என்றார் அழகேசன் மாமா. அவர் அம்மாவின் தம்பி. கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, இடுப்பில் கை வைத்து நின்றார். "குளத்துல கல்லக் கொண்டாந்து போட்டா மீனு எப்படி லா வாழும்? மீனு என்ன, கல்லு சூப்பா கேட்டுச்சு?"

அம்மா சிரிக்கவில்லை. "ஏன்டி ரூபி, அந்தப் பிள்ளை உன்னை நம்பித்தானே விட்டுட்டுப் போச்சு? சாயங்காலம் வந்து கேட்டா என்னா சொல்லப் போற?"

ரூபினிக்குக் கோபம் வந்தால் முதலில் காது சுடும். பிறகு தொண்டை அடைக்கும். சொல்ல வேண்டிய சொற்கள் எல்லாம் அங்கேயே மாட்டிக்கொள்ளும். அவள் பேசாமல் நின்றால், தப்பு செய்துவிட்டுத்தான் நிற்கிறாள் என்று வீட்டில் நினைத்துக்கொள்வார்கள். அதை நினைத்தால் இன்னும் கோபம் வரும்.

அஃப்ஸானா வீடு நாலு வீடு தள்ளி இருந்தது. அவளுடைய அத்தாவுக்குச் சுங்கைப் பட்டாணி டவுனில் சாப்பாட்டுக் கடை. அவர்கள் வீட்டுக் குளத்தில் வெடிப்பு விழுந்து தண்ணீர் ஒழுகியது. அதைப் பூசிக் காயவைக்கச் சில வாரம் ஆகும் என்றார்கள். அதனால் அவளுடைய மீன்கள் எல்லாம் வாளி வாளியாக ரூபினியின் குளத்துக்கு வந்தன.

சின்னக் குளம், நிறைய மீன். இரண்டே நாளில் தண்ணீர் நாற ஆரம்பித்தது. மீன் கழிவும், தின்னாமல் மிஞ்சிய தீனியும் சேர்ந்து அம்மோனியா உண்டாகிறது என்றும், அது மீனின் செவுளைப் பொசுக்கிவிடும் என்றும் இருவரும் படித்துத் தெரிந்துகொண்டார்கள். மீன் கடையில் சியோலைட் கல் வாங்கினார்கள். தண்ணீரில் இருக்கும் அம்மோனியாவை அந்தக் கல் தனக்குள் பிடித்து வைத்துக்கொள்ளும். வெங்காயம் வரும் சிவப்பு வலைப்பையில் கற்களைப் போட்டுக் கட்டி, தண்ணீர் விழும் இடத்தில் தொங்கவிட்டார்கள்.

அதன் பிறகு தண்ணீரைச் சோதிக்கும்போதெல்லாம் நல்ல சேதிதான். சின்னக் குப்பியில் தண்ணீர் எடுத்து, மருந்தைச் சொட்டுவார்கள். மஞ்சளாகவே இருந்தால் நல்லது. பச்சையானால் அம்மோனியா. முந்தாநாள் அஃப்ஸானா அலோர் ஸ்டாரில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குக் கிளம்பிப் போன பிறகும், நேற்று மாலைகூட மஞ்சள்தான்.

இன்று காலை சோதித்தபோது கரும்பச்சை.

'ஒரே ராத்திரியில் எப்படி? அவ்வளவு அம்மோனியா எங்கிருந்து வந்தது?'

"சரி, சரி. மூஞ்சியத் தூக்கி வச்சுக்காதே," என்றார் மாமா. "இந்தத் தாமான் வீடுகள்ல எல்லாரும் என்னை எதுக்கு மீன் டாக்டர்னு கூப்பிடறாங்க? சும்மாவா?"

சமையலறைக்குப் போனவர் ஒரு பொட்டலம் கல்லுப்போடு திரும்பி வந்தார். பல்லால் அதன் மூலையைக் கடித்துக் கிழித்தார்.

"இன்னும் ஒரு பாக்கெட் போட்டா எல்லாம் எழுந்து ஓடும் பாரு."

இன்னும்.

ரூபினியின் காதில் அந்த ஒரு சொல் குத்தியது.

"இன்னுமா?" தொண்டையிலிருந்து ஒருவழியாகச் சத்தம் வந்தது. "முன்னயே போட்டீங்களா மாமா?"

"நேத்து ராத்திரி ரெண்டு பாக்கெட் போட்டேன். ஒரு மீனு மேல வெள்ளையா புள்ளி இருந்துச்சு. மீனுக்கு உப்புதான் மருந்து. பத்தல போல."

அவர் பொட்டலத்தைச் சாய்த்தார்.

ரூபினி பாய்ந்து அதைப் பிடுங்கினாள். கொஞ்சம் உப்பு சிமெண்டுத் தரையில் கொட்டியது.

"ரூபி!" என்று அம்மா அதட்டினாள். "பெரியவங்க கையிலேர்ந்து பிடுங்குவியா? இதென்ன பழக்கம்?"

ரூபினி பொட்டலத்தைச் சுவரோரம் தள்ளி வைத்தாள். போன வாரம் அவளும் அஃப்ஸானாவும் கல்லைக் கழுவியது அவள் கண்முன் ஓடியது. கல் நிறைய அம்மோனியாவைக் குடித்துவிட்டால் அதற்கு மேல் குடிக்காது. அப்போது அதை வெளியே எடுத்து, வாளியில் உப்புத் தண்ணீரில் ஊறப்போட வேண்டும். உப்பு உள்ளே போகும், பிடித்து வைத்த அம்மோனியா வெளியே வந்துவிடும். அந்தத் தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றிவிட்டு, கல்லை நல்ல தண்ணீரில் அலசி வெயிலில் காயவைத்தால் மறுபடியும் போடலாம்.

வாளியில் நடக்க வேண்டியது நேற்று இரவு குளத்திலேயே நடந்திருக்கிறது. இத்தனை நாள் கல் குடித்ததை எல்லாம் மீன்களின் மேலேயே கக்கியிருக்கிறது.

அவள் தண்ணீருக்குள் கையை விட்டு வலைப்பையை வெளியே இழுத்தாள். குளத்தில் பாதித் தண்ணீரை வாளியால் மொண்டு மொண்டு சாக்கடையில் ஊற்றினாள். வீட்டோரம் நீலத் தோம்புப் பீப்பாயில் பிடித்து வைத்திருந்த தண்ணீரைக் கொண்டுவந்து மெதுவாக விட்டாள். வாளி முழங்காலில் இடித்தது. பாவாடை நனைந்தது. ஒவ்வொரு வாளிக்கும் ஒரு கோபம் இருந்தது. ஒன்று மாமாவின் கல்லு சூப்புக்கு. ஒன்று அம்மா ஒரு வார்த்தைகூடக் கேட்காமல் மாமா சொன்னதை நம்பியதற்கு. ஒன்று, நேற்று இரவு எட்டிப் பார்க்காமல் தூங்கிப்போன தன் மேலேயே.

கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்த அம்மா வந்து வாளியின் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டாள்.

வெயில் ஏறியது. மீன்கள் வாயைப் பிளப்பதை நிறுத்தின. முதலில் மஞ்சள் மீன் அடியில் இறங்கியது. அதன் பெயர் மீ கோரேங். பிறகு ஒவ்வொன்றாக மற்றவையும் இறங்கின.

"பார்த்தியா!" மாமா தொடையில் தட்டினார். "கல்ல எடுத்ததும் சரியாயிடுச்சு. அப்பன்னா யாரு குத்தவாளி? கல்லு! நான் சொன்னா சரியா இருக்கும் லா."

ரூபினிக்கு இந்த முறை காது மட்டும் இல்லை, கண்ணும் சுட்டது. காலடியில் கிடந்த வாளியை உதைத்துத் தள்ள வேண்டும்போல் இருந்தது. கத்தினால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். 'கத்தாதே' என்று சொல்வார்கள். அவள் சொன்னதை விட்டுவிட்டுக் கத்தியதைப் பற்றித்தான் பேசுவார்கள்.

அவள் உள்ளே போய் மூன்று கண்ணாடிக் கிளாஸ்களைக் கொண்டுவந்து சுவரோரம் வைத்தாள். மூன்றிலும் தோம்புத் தண்ணீர் ஊற்றினாள்.

"என்னா லா இது? சர்பத் கடையா?" என்றார் மாமா.

வலைப்பையிலிருந்து எடுத்த கற்களை நன்றாக அலசினாள். முதல் கிளாஸில் கல் மட்டும் போட்டாள். இரண்டாவதில் உப்பு மட்டும். மூன்றாவதில் கல்லும் உப்பும்.

"இருங்க மாமா. எங்கயும் போயிடாதீங்க."

அம்மா இட்லி கொண்டுவந்து வைத்தாள். "சாப்பிடு." அம்மா மன்னிப்புக் கேட்பது இப்படித்தான் என்று ரூபினிக்குத் தெரியும். ஆனாலும், "பசிக்கல," என்றாள். பசித்தது. கோபம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

மாமா ஒரு கிளாஸ் பாலில்லாத தே-ஓ குடித்து, செல்பேசியில் இரண்டு பேருக்கு மீன் வைத்தியம் சொல்லி முடித்த பிறகு, ரூபினி மூன்று கிளாஸிலிருந்தும் தண்ணீர் எடுத்து மருந்தைச் சொட்டினாள்.

கல் மட்டும் போட்டது மஞ்சள்.

உப்பு மட்டும் போட்டது மஞ்சள்.

கல்லும் உப்பும் சேர்ந்தது மெதுவாகப் பச்சையானது. பிறகு கரும்பச்சையானது. காலையில் குளத்துத் தண்ணீர் காட்டிய அதே பச்சை.

"கல்லு தப்பு இல்ல," என்றாள் ரூபினி. "உப்பும் தப்பு இல்ல. கல்லு உள்ள இருக்கறப்ப உப்புப் போட்டதுதான் தப்பு. என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். யாருமே கேக்கல."

மாமா கிளாஸைத் தூக்கி வெயிலில் பிடித்துப் பார்த்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். எந்தப் பக்கம் திருப்பினாலும் பச்சைதான்.

"அலாமாக்," என்றார் திகைத்துப்போய், மெல்ல.

அம்மா மாமாவையே பார்த்தாள். "மீன் டாக்டராம்," என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

சம்பலை ரூபினி வாழைமரத்தடியில் குழிதோண்டிப் புதைத்தாள். மாமா மண்ணைத் தள்ளிக் கொடுத்தார். அன்று பகல் முழுவதும் அவர் யாருக்கும் வைத்தியம் சொல்லவில்லை.

மாலையில் அஃப்ஸானா வீட்டு வேன் தெருமுனையில் திரும்பியது. மாமா அவசரமாக ரூபினியின் பக்கத்தில் வந்து குனிந்தார்.

"ரூபி, மாமா ஒண்ணு சொல்றேன் கேளு மா. அந்தப் பிள்ளைகிட்ட கல்லாலதான் செத்துச்சுன்னு சொல்லிடு. கல்லு ரெண்டு பேரும் சேர்ந்து வாங்கினதுதானே? அவளுக்கும் கோவம் வராது. என் பேரு வெளியில வந்துச்சுன்னா அவங்க அத்தா கடை முழுக்க அதத்தான் பேசுவாங்க. ஒரு சின்ன வார்த்தை லா. மாமாவுக்காக."

ரூபினி அவரைப் பார்த்தாள். அவர் முகம் பாவமாகத்தான் இருந்தது. அவர் கெட்டவர் இல்லை. மீனுக்கு நல்லது செய்யத்தான் நினைத்தார். அது அவளுக்குப் புரிந்தது. ஆனால் அவர் சொல்கிறபடி சொன்னால், சம்பல் சாகக் காரணம் தன் கைதான் என்று அஃப்ஸானா காலம் முழுவதும் நினைத்துக்கொண்டிருப்பாள். காலையில் ரூபினி நின்ற இடத்தில் அவள் நிற்பாள். வாயை மூடிக்கொண்டு, மனசுக்குள் கத்திக்கொண்டு.

வேன் வாசலில் நின்றது. கதவு முழுதாகத் திறப்பதற்குள் அஃப்ஸானா குதித்து இறங்கினாள்.

"ரூபி! சம்பல் எப்படி இருக்கு? சாப்பிடுதா?"

"சொல்லுவேதானே?" என்று மாமா காதருகில் கேட்டார்.

ரூபினியின் மனசுக்குள் இப்போது சத்தமே இல்லை. காது சுடவில்லை. சொற்கள் எதுவும் தொண்டையில் மாட்டவில்லை.

"மாட்டேன் மாமா," என்றாள் அவருக்கு மட்டும் கேட்கும்படி. பிறகு கேட்டைத் திறந்தாள்.