கழற்றி வைத்த சீட்

பூட்டின் சிவப்புப் பொத்தானை அழுத்தினால் சீட் பெல்ட் விசுக்கென்று சுருண்டு போக வேண்டும். அதன் நுனியில் இருக்கும் தகடு கதவோரத்தில் போய் 'டக்'கென்று மோத வேண்டும். எந்தக் காரிலும் அதுதான் வழக்கம். இந்தப் பெல்ட் மெல்லப் போனது. தகட்டை யாரோ இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு, தூங்குகிறவர்கள் எழுந்துவிடப் போகிறார்களே என்று பார்த்துப் பார்த்து விடுவது போல, நெஞ்சு உயரத்தில் ஒரு கணம் நின்று, தோள் உயரத்தைக் கடந்து, சத்தமே இல்லாமல் தன் இடத்தில் போய் அடங்கியது. காருக்குள் பாதி உடம்பை நுழைத்துக் குனிந்திருந்தவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். பழைய கார், உள்ளே ஸ்பிரிங் களைத்துப் போயிருக்கும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு ஸ்பேனரைத் தேடினான்.

அவனுக்கு மூக்குக் கண்ணாடிக் கடை. ஊரார் கண்ணுக்கெல்லாம் அளவு பார்த்தவன் தனக்கென்று ஆசைப்பட்டது இந்த ஒன்றுக்குத்தான்: தரையோடு தரையாகப் பதுங்கி நிற்கும், இரண்டே சீட் உள்ள ஸ்போர்ட்ஸ் கார். விற்றவர் அவன் கடைக்கு வரும் வயதான பல் டாக்டர். எந்தக் கண்ணாடி போட்டாலும் சுவரிலிருக்கும் பலகையில் முதல் எழுத்தைத் தாண்ட முடியவில்லை என்று ஆனபோது, அவரே காரைப் பற்றிப் பேச்செடுத்தார். விலை பேசும்போது கறாராக இல்லை. வேறொன்றைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டார்.

"தினமும் ஓட்டுவீங்கல்ல தம்பி? சும்மா நிறுத்தி வெச்சிட மாட்டீங்களே?"

"இதை வாங்கிட்டு யாராவது நிறுத்தி வைப்பாங்களா டாக்டர்?"

"பக்கத்து சீட்டு பெல்ட்டு மாட்டியேதான் இருக்கும். அப்படியே விட்டுடுங்க. கழட்டினா டிங் டிங்னு கத்திக்கிட்டே இருக்கும்."

அதில் அதிசயம் ஒன்றும் இல்லை. சீட்டுக்கடியில் எடையைப் பார்க்கும் சமாச்சாரம் கெட்டுப்போனால், ஆளில்லாத சீட்டிலும் ஆள் இருப்பதாக நினைத்துக் கார் கத்தும். அதன் வாயை அடைக்க வெறும் சீட்டுக்குப் பெல்ட் போட்டு வைப்பவர்கள் ஏராளம். டாக்டரும் அந்த ரகம் என்று நினைத்து அவன் சிரித்துக்கொண்டான்.

தினமும் ஓட்டுவதாகச் சொன்ன வாய் ஒன்று, செய்த கை வேறு. கார் வீட்டுக்கு வந்த மறுநாளே ஷெட்டில் ஏறி நின்றது. பிறகு இறங்கவே இல்லை. வீடியோவில் பார்த்ததையெல்லாம் அதன் மேல் செய்து பார்த்தான். டிக்கிக்கு மேல் இறக்கை மாதிரி ஸ்பாய்லர், முன் பம்பருக்குக் கீழே உதடு போல நீளும் கறுப்புத் தகடு, இரண்டு பக்கமும் ஒட்டுப் பட்டை, புது அலாய் வீல். கூரைக்குக் கறுப்பு ஃபிலிம் ஒட்ட மனைவியின் தலைமுடி உலர்த்தும் டிரையரை எடுத்துக்கொண்டு போனவன் அதைத் திருப்பித் தரவே இல்லை.

"இந்தக் காரை ஓட்டப் போறீங்களா, இல்ல மேடையேத்தப் போறீங்களா? ஓடாத குதிரைக்கு இத்தனை ஜிகினா எதுக்கு?" என்றாள் மனைவி. அவள் நர்ஸ். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, அவளுக்குப் பகல் டியூட்டி. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "பாப்பா மேல கண்ணு இருக்கட்டும். ஊரான் கண்ணையெல்லாம் பாக்குறவர், நம்ம பிள்ளையையும் கொஞ்சம் பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பார்க்காமல் என்ன? அந்த ஆறு வயதுக்காரிதான் அவனுக்கு உலகம். நாளைக்குக் காலையில் அவளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு பள்ளிக்கூட வாசலில் போய் இறங்க வேண்டும். அதற்காகத்தான் இன்றைக்குள் சீட்டை மாற்றிவிடத் துடித்தான். சிவப்புத் தையல் போட்ட இரண்டு புது சீட்டுகள் பெட்டிக்குள் காத்திருந்தன.

பேட்டரி வயரை முதலில் கழற்றினான். பேட்டரியையே தூக்கித் தரையில் வைத்தான். பிறகு பக்கத்து சீட்டின் நான்கு போல்ட்டுகளையும் அவிழ்த்து, அடியில் இருந்த மஞ்சள் பிளக்கைப் பிடுங்கி, சீட்டை வெளியே இழுத்தான். அடியிலிருந்து ஒரு வாசம் வந்தது. பழைய தோல் வாசமோ எண்ணெய் வாசமோ இல்லை. குளித்துவிட்டுத் துவட்டாமல் விட்ட தலைமுடியின் வாசம். விரிப்பைத் தொட்டுப் பார்த்தான். காய்ந்துதான் இருந்தது.

"அப்பா, இதை எனக்குக் குடுப்பா. நான் இதுல உக்காந்து படம் வரையறேன்" என்றாள் மகள்.

கழற்றிய சீட்டை வீட்டுக்குள் நாற்காலியாகப் போட்டுக்கொள்வது இந்தப் பித்துப் பிடித்தவர்கள் எல்லாரும் செய்கிற காரியந்தான். ஒற்றை ஆளாகவே தூக்கிக்கொண்டு போய், ஹாலில் ஜன்னலோரமாக ஒரு பலகையின் மேல் வைத்தான். பெல்ட் காரோடு தங்கிவிட்டது. அது வந்து மாட்டும் பூட்டு மட்டும் சீட்டின் இடுப்பில் ஒட்டிக்கொண்டு வந்திருந்தது.

சாயங்காலத்துக்குள் டிரைவர் பக்கத்துப் புது சீட்டைப் பொருத்திவிட்டான். பக்கத்து சீட்டுதான் முரண்டு பிடித்தது. புது சீட்டின் தாங்கியில் இருந்த ஓட்டைக்கும் கார்த் தரையின் ஓட்டைக்கும் ஒரு விரல் அகலம் வித்தியாசம். மல்லாந்து படுத்து, தலையை டாஷ்போர்டுக்கு அடியில் கொடுத்து, வியர்வை கண்ணில் வழிய அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். ஷெட்டில் பசை வாசமும் புது ரப்பர் வாசமும் திரண்டு நின்றன, வெளியே யாரோ தூரத்தில் கதவடைத்தார்கள், சமையலறையில் ஃபிரிட்ஜ் ஒருமுறை குலுங்கி ஓய்ந்தது, அது ஓய்ந்த பிறகு வந்த அமைதியில், மெல்லிசாக, இடைவெளி விட்டு இடைவெளி விட்டு, அந்தச் சத்தம் கேட்டது.

டிங். டிங். டிங்.

பெல்ட் போடச் சொல்லும் சத்தம். அவன் கழுத்தைத் திருப்பித் தரையைப் பார்த்தான். பேட்டரி அங்கேயே இருந்தது. காரில் ஒரு வயருக்கும் உயிர் இல்லை.

டிங். டிங்.

சத்தம் காரிலிருந்து வரவில்லை, வீட்டுக்குள்ளிருந்து வந்தது. ஸ்பேனரைப் போட்டுவிட்டு ஷெட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் இருக்கும் கதவைத் தாண்டி உள்ளே போனான். விளக்குப் போடாத ஹாலில் மகள் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து படத்துக்கு வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தாள். பென்சிலை ஓட்டிக்கொண்டே வாயால் சொன்னாள்.

"டிங். டிங்."

அவனுக்குச் சிரிப்பு வந்தது. போன உயிர் திரும்பி வந்த சிரிப்பு.

"என்ன கண்ணு, கார் ஓட்டுறியா?"

"இல்லப்பா. பெல்ட்டு போடலல்ல, அதான்."

"சீட்டு வேணும் சீட்டு வேணும்னு அடம் பிடிச்சுட்டு ஏன் கீழ உக்காந்திருக்கே?"

அவள் பென்சிலை நிறுத்தவில்லை. "இடம் இல்லப்பா" என்றாள்.

அவன் சீட்டைப் பார்த்தான். ஜன்னல் வெளிச்சம் அதன் மேல் சாய்ந்து விழுந்திருந்தது. உட்காரும் இடத்தில் தோல் பள்ளமாக அழுந்திக் கிடந்தது, ஓரங்களில் சுருக்கம் விழுந்து, நடுவில் இறுகி. பழைய பஞ்சு, அமுங்கினால் அமுங்கினதுதான் என்று நினைத்தான். காலையில் தூக்கி வந்தபோது அது உப்பலாக இருந்தது என்பதும் அவனுக்கு ஞாபகம் இருந்தது. எதற்கும் ஷெட்டிலேயே போட்டுவிடலாம் என்று குனிந்து, இரண்டு கையையும் கொடுத்துத் தூக்கினான்.

அசையவில்லை.

கால்களை அகட்டி நின்று மறுபடி தூக்கினான். முதுகு எலும்பு நறுக்கென்றது. சீட் இம்மியும் எழும்பவில்லை. பலகை மட்டும் கிரீச்சிட்டது. ஈரத் தலைமுடியின் வாசம் இப்போது அவன் முகத்துக்கு நேரே இருந்தது.

"மெதுவாப்பா" என்றாள் மகள். அவள் அவனைப் பார்த்துச் சொல்லவில்லை. தலையை நிமிர்த்தி, சீட்டின் தலைச்சாய்ப்புக்கும் மேலே, உட்கார்ந்திருக்கும் உயரமான ஒருவரின் முகம் இருக்க வேண்டிய இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மகளை வாரி எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய், அங்கிருந்து டாக்டருக்குப் போன் போட்டான். நெடுநேரம் அடித்த பிறகு எடுத்தார். அவன் சொல்லச் சொல்லக் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"எத்தனை நாளா ஓட்டலை?"

"வாங்கினதுல இருந்தே, டாக்டர். வேலை முடியட்டும்னு..."

"நான் தினம் கடைத்தெரு வரைக்கும் போயிட்டு வருவேன். அதுக்கு அவ்வளவு போதும். பேசாம உக்காந்து வரும்."

"யாரு டாக்டர்?"

"எனக்கு வித்தவர்கிட்ட நானும் இதையேதான் கேட்டேன். அவருக்கும் தெரியலை."

பிறகு அவரே செய்ய வேண்டியதைச் சொன்னார்.

"சீட்டைத் தூக்கப் பாக்காதீங்க. போலாமான்னு கேளுங்க, எழுந்துக்கும். காருல பழையபடி மாட்டி, கதவைத் திறந்து வெச்சு, நீங்க ஓட்டுற இடத்துல உக்காருங்க. வரும்."

"வீட்ல பாப்பா இருக்கா, டாக்டர். அவளை ஒண்ணும் பண்ணாதே?"

"எனக்குப் பிள்ளைங்க இல்ல தம்பி. எனக்கு வித்தவருக்கும் இல்ல." குரல் தணிந்தது. "அதனால எனக்குத் தெரியலை."

மகளைச் சமையலறை மேடையில் உட்கார வைத்து, இறங்கக் கூடாது என்று சொல்லிவிட்டு ஹாலுக்கு வந்தான். வெறும் சீட்டுக்கு முன்னால் நின்றான். பக்கத்து வீட்டுக்காரர் யாராவது பார்த்தால் பைத்தியம் என்பார்.

"போலாமா?"

பள்ளம் எழும்பியது. ஒரு பக்கம் முதலில், மறு பக்கம் பிறகு, வயதானவர்கள் கையூன்றி எழுந்திருப்பது போல. பஞ்சுக்குள் காற்று புகும் சத்தம் நீளமாக வந்தது. அவனுக்கும் ஜன்னலுக்கும் நடுவில் எதுவும் இல்லை. ஆனாலும் அவன் இரண்டடி பின்னால் நகர்ந்து வழிவிட்டான்.

சீட் இப்போது லேசாக இருந்தது. தூக்கிக்கொண்டு ஓடினான். ஷெட்டுக்குள் வந்ததும் கதவைச் சாத்தி, தன் பக்கத்துத் தாழ்ப்பாளை இழுத்துப் போட்டான். பிள்ளை அந்தப் பக்கம் பத்திரமாக இருக்கட்டும். சீட்டிலிருந்து எழுந்ததற்குத் தாழ்ப்பாள் ஒரு பொருட்டில்லை, பிள்ளைக்குத்தான் அது தடை என்று கணக்குப் போட்டான். பொருந்தாத புது சீட்டை வெளியே இழுத்துப் போட்டுவிட்டுப் பழையதை வைத்தான். அவசரத்தில் போல்ட்டுகள் நழுவின. மூன்று பிடித்தன. நான்காவது எங்கோ உருண்டது. போகட்டும். பேட்டரி. வயர். பிளக். ஷட்டரைத் தூக்கினான். வெளியே இன்னும் வெளிச்சம் மிச்சமிருந்தது. பக்கத்துக் கதவை விரியத் திறந்து வைத்துவிட்டு, சுற்றி வந்து, ஓட்டும் இடத்தில் உட்கார்ந்தான்.

காத்திருந்தான்.

பக்கத்து சீட் உப்பலாகவே இருந்தது. வரவில்லை. கடைத்தெரு வரைக்கும் போய் வரலாம். ஊர் முழுக்கச் சுற்றலாம். தினமும் சுற்றலாம், சாகும்வரை சுற்றலாம். வா. வந்து உட்கார். அவளை விட்டுவிடு.

தாழ்ப்பாள் நகர்ந்தது.

அவன் காரின் பின்பக்கம் காட்டும் கண்ணாடியில் பார்த்தான். தாழ்ப்பாள் அவசரப்படவில்லை. அவன் பக்கத்தில், ஒருவரும் நிற்காத பக்கத்தில், மெல்ல மெல்லப் பின்வாங்கியது. கதவு திறந்தது. மகள் வந்தாள். வலது கை தலைக்கு மேலே தூக்கியிருந்தது. விரல்கள் எதையோ இறுகப் பற்றியிருந்தன. பெரியவர் கையைப் பிடித்து ரோட்டைக் கடக்கிற மாதிரி, அவர் நடைக்கு ஈடுகொடுத்து, எட்டு வைத்து எட்டு வைத்து.

"பாப்பா, உள்ள போ."

கத்தினதாக நினைத்தான். மூச்சுதான் வந்தது.

அவள் திறந்த கதவருகே நின்றாள். கையை விட்டாள். முதலில் சீட் அழுந்தியது. ஓரம் சுருங்கி, நடு இறுகி, அடி வரைக்கும். பிறகு மகள் தரையிலிருந்து எழும்பினாள். அவள் ஏறவில்லை. அக்குள்கள் இரண்டும் உயர்ந்திருந்தன. சட்டை அங்கே கசங்கியிருந்தது.

உட்கார்ந்தாள்.

பெல்ட் வந்தது. மெதுவாக. அவள் கழுத்தில் உரசாதபடி தள்ளிப் பிடித்து, அவளையும் அவளுக்குப் பின்னால் இருந்ததையும் சேர்த்துச் சுற்றி, பூட்டில் போய் அமர்ந்தது. கதவு சாத்திக்கொண்டது.

"போலாம்பா" என்றாள்.

அவன் பார்த்தான். பார்க்காமல் இருக்க முடியவில்லை. அவளுடைய சின்னத் தொடைகளுக்கும் சீட்டுக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி இருந்தது. அந்த இடைவெளி வழியாக அந்தப் பக்கத்துக் கதவு தெரிந்தது. அவள் நெற்றியில் விழுந்திருந்த முடி ஒவ்வொரு இழையாக விலகிக் காதுக்குப் பின்னால் ஒதுங்கியது. அவள் கண்ணை மூடி, சுகமாகத் தலையைப் பின்னால் சாய்த்தாள். சீட்டின் முதுகை எட்டுமுன்பே தலை நின்றுவிட்டது.