தாழம்பூ இல்லாத நாடகம்

அய்யாக்கண்ணு வாத்தியார் செத்துக் கிடந்ததை முதலில் பார்த்தவர் ஆர்மோனியக்காரர் சிவசாமி. பொழுது சாயும் நேரம். அரிமளம் நாடகக் கொட்டகைக்குப் பின்னால், கீற்று வைத்து அடைத்த அறை. பாயில் குப்புறக் கிடந்தார். கழுத்தில் திரைக் கயிறு.

மறுநாள் காலை எட்டு மணிக்கு இன்ஸ்பெக்டர் அந்தோணிமுத்து வந்து இறங்கினார். ஆவூர்க்காரர். வாத்தியாரின் பேய் நாடகங்களைப் பார்த்துவிட்டுப் பயத்தில் வீடு திரும்பக் கால் வராமல் கொட்டகையிலேயே உட்கார்ந்திருந்தவர்களில் அவரும் ஒருவர்.

மீசை முளைத்த நாளிலிருந்து வாத்தியாருக்கு நாடகம் கட்டுவதுதான் பிழைப்பு. எழுதி வைத்த இரண்டை வேறு கம்பெனிக்காரர்கள் தூக்கிப் போய்த் தங்கள் பேரில் ஆடிவிட்டார்கள். அதோடு காகிதத்தைத் தொடவில்லை. கதை முழுக்க மனசில். ஆளைத் தனித்தனியாகக் கூப்பிட்டு, அவரவர் வசனத்தை மட்டும் வாயால் பாடம் சொல்வார். முடிவுக் காட்சியை ஜனங்களுக்கு முன்னால் ஆடும் நாளன்றுதான் சேர்த்துச் சொல்ல விடுவார். அப்படிக் கட்டிய புதுக்கதையைப் பற்றிக் கேள்விப்பட்டுத்தான் சேலத்திலிருந்து பேசும்படக்காரர்கள் அவரைக் கூப்பிட ஆள் அனுப்பியிருந்தார்கள்.

"கொன்னது ஸ்திரீபார்ட் செவந்திதாங்க," என்றார் ஏட்டு. "மத்தியானம் சோறு கொண்டு போனவ அவதான். பெறகு யாரும் உள்ள போகலே. தன்னை விட்டுட்டுப் படத்துக்குப் போறாரேன்னு ஆத்திரம்."

அந்தோணிமுத்து அறையைச் சுற்றி வந்தார். பின்பக்கம் இரண்டு கீற்று விலகியிருந்தன. ஆள் நுழையலாம்.

செவந்தி பிரேதத்தின் காலடியில் அழுதுகொண்டிருந்தாள். சிவசாமி துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு, தினமும் கேட்டுப் பழகிய வசனத்தைத் தன்னையறியாமல் முனகினார். "தேவி, எங்கே இருக்கிறாய்?"

"காற்று போகும் இடமெல்லாம் இருக்கிறேன்," என்றாள் செவந்தி. சொன்னதும் திடுக்கிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

"எதிராளியோட எடுப்பு வசனம் விழுந்தா வாய் நிக்காதுய்யா," என்றார் சிவசாமி. "தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் பதில் வந்துரும். அப்படிப் பழக்கிட்டுப் போயிட்டாரு."

அந்தோணிமுத்து செவந்தியைத் தனியே அழைத்துப் போனார்.

"நேத்து என்ன பேசினாரு?"

"முடிவு இப்பத்தான் பிடிபட்டுச்சுன்னாருய்யா. எமலோகத்துல புருசனைப் பாத்து நான் கேக்குறதையும், கடைசியா நான் சொல்றதையும் சொல்லிக் கொடுத்தாரு. நடுவுல புருசன் என்ன சொல்றாருன்னு சொல்லலே. புருசனா வர்ற ராஜபார்ட் பெரியண்ணன் வந்தப்புறம் அவனுக்குச் சொல்லணும்னாரு."

"உன் வசனத்தைச் சொல்லு."

சொன்னாள். பிறகு, "எனக்கே வெளங்கலேய்யா. பூவைக் கொடுங்கன்னு கேக்குறேன். நாடகத்துல எங்கயும் பூவே கிடையாது," என்றாள்.

அடுத்து ராஜபார்ட் பெரியண்ணன். சரிகைத் துண்டு. கலங்காத கண்.

"வாத்தியாரைக் கடைசியா எப்ப பாத்தீர்?"

"முந்தாநாள் ஒத்திகையில. நேத்து பூராவும் அங்கிட்டுப் போகவே இல்லை. ஊருணியில குளிச்சுட்டு மரத்தடியில படுத்துட்டேன்."

"ராஜா தனியாத்தான் தூங்குனாரா? படை பரிவாரம் இல்லையா?" என்றார் ஏட்டு.

பெரியண்ணன் சிரிக்கவில்லை. "அவளைக் கேளுங்க. பேய் வேஷம் கட்டிக் கட்டிப் பேயாவே ஆயிட்டா."

அந்தோணிமுத்து எழுந்தார். "பாடமானதுவரைக்கும் ஒருதரம் ஆடிக் காட்டுங்க. கதை தெரிஞ்சாத்தான் எனக்குக் கேசு புரியும்."

பகல் வெயில் கீற்று இடுக்கு வழியாக மேடையில் விழுந்தது. சிவசாமி ஆர்மோனியத்தில் சுருதிக் கட்டையை அழுத்தினார். வேஷமில்லாமல், அழுத முகத்தோடு செவந்தி நின்றாள்; எதிரே பெரியண்ணன். செத்த மனைவியைத் தேடி எமலோகம் வருகிறான் கணவன். வசனம் வசனத்தைப் பிடித்து ஓடியது. எல்லோருக்கும் பாடமான இடம் முடிந்தது. செவந்தி நிறுத்தவில்லை. இன்ஸ்பெக்டர் சொல்லி வைத்தபடி அடுத்ததையும் எடுத்துப் போட்டாள்.

"இவ்வளவு தூரம் எதற்காக வந்தீர்?"

"உன் கூந்தலில் வைக்காத தாழம்பூ என் கையிலேயே வாடிப்போயிற்று, தேவி."

வாத்தியாரின் இழுப்பு அதில் இருந்தது. அவர் மூச்சு விடும் இடத்தில் பெரியண்ணனும் மூச்சு விட்டிருந்தான். சிவசாமியின் விரல் கட்டையிலேயே நின்றுபோனது.

பெரியண்ணன் வாயைப் பொத்திக்கொண்டான்.

"இந்தத் தாழம்பூவை உமக்கு யாருய்யா கொடுத்தது?" அந்தோணிமுத்து மேடையில் ஏறினார். "செவந்தி பதில்ல பூ வருது. என்ன பூ, யார் கையில, அவளுக்கே தெரியாது. தெரிஞ்சவர் வாத்தியார் ஒருத்தர்தான். நேத்து மத்தியானம் அவ போன பெறகு உமக்குச் சொல்ல வச்சிருந்தாரு. நீர் நேத்து அங்கிட்டே போகலேன்னீர்."

பெரியண்ணன் மெல்ல உட்கார்ந்தான்.

"பின்னால கீத்தை விலக்கிட்டுப் போனேன். கதை முழுசா எனக்குத் தெரிஞ்சா நானே சேலம் போயிரலாம்னு ஒரு நெனப்பு. ஆனா கொல்லணும்னு போகலே. பாடத்தை முடிச்சுட்டுத்தான் சொன்னாரு, படத்துக்கு ஒன் மூஞ்சி எடுபடாதுடா, வேற ஆளு பாத்தாச்சுன்னு. கயிறு பக்கத்துல கிடந்துச்சு."

ஏட்டு அவனை எழுப்பிக் கொண்டுபோனார்.

செவந்தி மேடையை விட்டு இறங்கவில்லை. எடுப்பு விழுந்துவிட்டது; அவள் பதில் பாக்கி.

"வேண்டாம் செவந்தி," என்றார் சிவசாமி. "ஜனம் இல்லாம முடிக்கக் கூடாது."

அவள் திரையோரம் பார்த்தாள். வாத்தியார் வழக்கமாக நின்று கேட்கும் இடம்.

"கொடுங்கள்," என்றாள். "இங்கே எந்தப் பூவும் வாடுவதில்லை."

திரை அசைந்தது. காற்றாகத்தான் இருக்கும். வெளியே பட்டப்பகல். ஆனாலும் அந்தோணிமுத்துவுக்கு வெளியே போகக் கால் வரவில்லை.