பெட்டியில பூஜ்யம் காட்டுது

போன் அலறியது.

காலை பதினொன்று பத்து. நாற்பது பேர் ஹெட்போனுடன் பேசிக்கொண்டிருந்த ஹால். டிஜிட்டல் காசைப் பூட்டி வைக்கும் கட்டைவிரல் அளவுப் பெட்டியை விற்கிற கம்பெனி. 'காசு வரலை' என்று கத்துகிறவர்களிடம் பொறுமையாகப் பேசிச் சரிசெய்வதுதான் அவள் வேலை.

ஆனால் அலறியது அவளுடைய சொந்த போன். திரையில் அக்காவின் நம்பர்.

பேசியது அக்கா இல்லை!

"காயின் வரலை. பெட்டியில பூஜ்யம் காட்டுது."

காலையில் மிரட்டிய அதே குரல்... டிரைவிங் ஸ்கூல் நடத்தும் அக்காவிடம் ஒரு வாரமாக கார் ஓட்டக் கற்றுக்கொண்டவன். இன்று காலை அக்காவின் காரிலேயே அக்காவைக் கடத்தியவன்!

அக்காவை விடுவிக்க நாலு டிஜிட்டல் காயின் கேட்டிருந்தான். வீடு வாங்க அக்காவும் அவளும் சேர்த்தது சரியாக நாலுதான். கியர் சொல்லிக்கொடுக்கும்போது அக்கா இதையும் சொல்லித் தொலைத்திருக்கிறாள். போலீஸுக்குப் போனால் பிணம்தான் வரும் என்றும் மிரட்டியிருந்தான்.

பத்து மணிக்கு அவள் அனுப்பிவிட்டாள். அத்தாட்சியாக, 'வெற்றி' என்று பச்சையில் காட்டும் லிங்க்கையும் அனுப்பியிருந்தாள்.

"முதல்ல அக்காகிட்ட போனைக் குடுங்க."

"என்னையே அதிகாரம் பண்றியா? உங்க அக்கா உசிரு என் கையில இருக்கு."

"உங்க காயின் என் கையில இருக்கு. குடுங்க."

அவன் பற்களைக் கடிக்கும் சத்தம். பிறகு அக்கா.

"நான் நல்லாத்தான்டி இருக்கேன். இவன்தான் பாவம், பின் நம்பரை ரெண்டு தடவை தப்பாப் போட்டுட்டு முழிக்கிறான். கிளட்ச் எதுன்னே ஒரு வாரமாத் தெரியலை இவனுக்கு."

பளார் என்று ஓர் அறை. போன் கை மாறியது.

அவள் கண்களை மூடித் திறந்தாள். அவன் முகத்தை ஒரு வாரம் பார்த்தவள் அக்கா. காயின் கிடைத்த அடுத்த நிமிஷம் அக்காவை எதற்கு உயிரோடு விடுவான்?

குரல் நடுங்கவில்லை.

இன்னொரு அடி விழுந்தால் போனை வைத்துவிடுவதாகச் சொன்னாள். பிறகு, தினமும் ஐம்பது பேரிடம் கேட்பதை அவனிடமும் கேட்டாள். கேபிள் சரியாகச் சொருகியிருக்கிறதா? லேப்டாப்பில் ஆப் திறந்திருக்கிறதா? பெட்டியின் குட்டித் திரையில் என்ன தெரிகிறது? அவன் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னான். மூன்றாவது பதிலில் குரலில் மிரட்டல் பாதி குறைந்திருந்தது. ஐந்தாவது பதிலில் 'மேடம்' வந்துவிட்டது!

"நீங்க சொல்றது சரியாப் புரியலை சார். வீடியோ கால்ல வந்து பெட்டியைக் கேமராவுக்குக் காட்டுங்க."

"என் மூஞ்சி தெரியுமே?"

"கர்ச்சீப் கட்டிக்கோங்க."

கட்டிக்கொண்டான்! கண்ணுக்குக் கீழே கர்ச்சீப்போடு வந்து, பெட்டியைக் கேமராவுக்கு நேரே நீட்டினான்.

அவள் பெட்டியைப் பார்க்கவில்லை.

அவன் தோளுக்குப் பின்னால் நாற்காலியில் கட்டப்பட்ட அக்கா. அக்காவுக்குப் பின்னால் திறந்த ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே, எதிர்ச் சாரியில், ஒரு டயர் கடைப் பலகை... அதில் பெரிதாக ஒரு போன் நம்பர்!

முகத்தை மறைத்தவன் ஜன்னலை மறைக்கவில்லை.

அவள் நம்பரைக் காகிதத்தில் கிறுக்கி, 'கடத்தல். போலீஸ். இந்தக் கடைக்கு எதிர் வீடு' என்றெழுதி, பக்கத்து மேஜைக்குத் தள்ளினாள். பக்கத்து மேஜைக்காரி படித்தாள். முகம் வெளுத்து ஓடினாள்.

"சார், உங்க பெட்டியில சாப்ட்வேர் பழசு. அப்டேட் பண்ணணும். இருபது நிமிஷம் ஆகும். கேபிள் நடுவுல அசைஞ்சா எல்லாம் போச்சு. எழுந்திருக்காதீங்க."

எழுந்திருக்கவில்லை! கேபிளை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு, பரீட்சை எழுத வந்தவன் மாதிரி உட்கார்ந்திருந்தான். குட்டித் திரையில் பத்து சதவீதம்... நாற்பது... எழுபது...

சும்மா உட்கார்ந்தவன் பொழுதுபோகாமல் அவள் அனுப்பிய லிங்க்கை மறுபடி திறந்தான்.

"மேடம், மேல பொடி எழுத்துல 'டெஸ்ட்'னு ஏதோ போட்டிருக்கே?"

அவள் ஜன்னலையே பார்த்தாள். வெறும் தெரு.

"அப்டேட் முடியட்டும் சார், சொல்றேன்."

எண்பது... தொண்ணூறு...

ஜன்னலில் ஒரு தொப்பி தெரிந்தது. இன்னொரு தொப்பி. ஒரு துப்பாக்கிக் குழல்!

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"அது டெஸ்ட் காயின் சார். புதுசா கத்துக்கிறவங்க அனுப்பிப் பழகுறதுக்கு இலவசமாத் தர்றது. நிஜக் காயின் மாதிரியே போகும், 'வெற்றி'ன்னும் காட்டும். ஆனா உங்க பெட்டி அதைக் காசா மதிக்காது. நாலு நிஜக் காயினும் பத்திரமா எங்ககிட்டயே இருக்கு."

கர்ச்சீப்புக்கு மேலே கண்கள் பிதுங்கின.

"அப்ப... எனக்கு ஒண்ணுமே வராதா?"

"யார் சொன்னா? உங்க புகாரை மேலிடத்துக்கு அனுப்பியிருக்கேன் சார். நேர்லயே வந்திருக்காங்க, திரும்பிப் பாருங்க."