பதினோரு பெயர்களும் ஒரு பச்சைப் பொத்தானும்

வியாழன், காலை 7.40. கிசுமு ஏரிக்கரை மருத்துவமனையின் கண் பிரிவில் பதினோரு பெயர்களைக் காணவில்லை.

கண்புரை அறுவைக்குத் திங்களன்று கைபேசி வழியாக இருபது பேர் பதிந்ததாக இணையப் பக்கம் சொன்னது. பட்டியலிலோ ஒன்பதே பேர். மருத்துவர் நாளை ஒரு நாள்தான் இருப்பார். அடுத்து வர ஏழு மாதம் ஆகும். பட்டியலைத் திருத்தும் கடவுச்சொல் பதிவு மேசை அபோண்டியிடம் மட்டுமே இருந்தது.

மேலாளர் ஓஜ்வாங் அவளுக்கான பணிநீக்கக் கடிதத்தைத் தட்டச்சு செய்து தயாராக வைத்திருந்தார். அந்தப் பக்கத்தை வடிவமைத்த நசிமியு, அது எப்படி ஓடுகிறது என்று பார்க்க நைரோபியிலிருந்து அன்று காலைதான் வந்திருந்தாள். வந்தவளிடம் அவர், யார் எதை மாற்றினார்கள் என்று கணினி தானே எழுதிவைக்கும் குறிப்பேட்டை நீட்டினார். பதினோரு வரிகள். ஒவ்வொன்றிலும் ஒரே வாசகம்: நீக்கம், பதிவு மேசை. யாருடைய பெயர் என்ற விவரம் இல்லை.

"சொந்தக்காரங்களுக்கு இடம் பிடிச்சிருக்கா. இதுல துப்பறிய என்ன இருக்கு?" என்றார்.

நசிமியு நேரங்களைப் பார்த்தாள். முதல் நீக்கம் திங்கள் காலை 5.10. கடைசி நீக்கம் 6.05. மேசையருகே நின்ற அபோண்டியிடம் திரும்பினாள்.

"திங்கள் விடியக்காலைல எங்க இருந்தே?"

"வீட்டுல. பிள்ளைக்குக் கஞ்சி காய்ச்சிட்டிருந்தேன்."

"பார்த்தது யாரு?"

"பிள்ளைதான். அவனுக்கு ஒன்றரை வயசு, மேடம்."

ஓஜ்வாங் சிரித்தார். நசிமியு சிரிக்கவில்லை. ஒவ்வொரு நீக்கமும் நடந்த அதே நொடியில் ஒரு புதிய பதிவும் நடந்திருந்தது. பதினோரு முறையும் அப்படித்தான். ஒரு பெயரை அழித்து, இன்னொன்றைத் தட்டி, அதே நொடிக்குள் முடிக்க எந்த விரலாலும் முடியாது. அது மட்டுமல்ல, அப்படிச் சேர்ந்த பெயரும் சில நிமிடங்களில் அழிந்திருந்தது. சொந்தக்காரர்களுக்கு இடம் பிடிப்பவள் அவர்களையே ஏன் அழிக்கிறாள்?

6.05க்குச் சேர்ந்த கடைசிப் பெயர் மட்டும் பிழைத்திருந்தது: சுசானா. நசிமியு அந்த எண்ணை அழைத்தாள். எடுத்தது சுசானா அல்ல, துங்கா படகுத்துறையில் மீன் விற்கும் ரிஸ்பா.

காலை 9.15. துங்கா. ஓஜ்வாங்கோடும் அபோண்டியோடும் நசிமியு வந்து சேர்ந்தபோது படகுகள் வந்து போய்விட்டிருந்தன. பெண்கள் திலாப்பியா மீன் பொரித்துக்கொண்டிருந்தார்கள். இணையம் உள்ள கைபேசி அங்கே ரிஸ்பாவிடம் மட்டும்தான் இருந்தது. திங்களன்று விடியற்காலை படகுக்குக் காத்திருந்த நேரத்தில், சுசானாவையும் சேர்த்துக் கண் மங்கிய பன்னிரண்டு பேருக்கும் அவள்தான் பெயரும் எண்ணும் தட்டிக் கொடுத்திருக்கிறாள்.

அவர்களில் ஒருத்தி தோர்கா. அன்று செய்ததை அப்படியே மறுபடி செய்யும்படி நசிமியு கேட்டாள். மற்றவர்களிடம், "யாரும் வழி சொல்லாதீங்க. கை எங்க போகுதுன்னு மட்டும் பார்ப்போம்," என்றாள்.

ரிஸ்பா தோர்காவின் பெயரைத் தட்டினாள். கடைசிப் பொத்தானை நோயாளியே அழுத்தித் தன் சம்மதத்தைத் தெரிவிக்க வேண்டும் என்பது பக்கத்தின் விதி. ஆகவே கைபேசியை அவளிடம் தந்துவிட்டு மீன் செதிலைச் சுரண்டப் போனாள்.

தோர்கா திரையை மூக்குவரை கொண்டுபோனாள். மேலே பொடி எழுத்தில், 'இந்த எண்ணில் பதிவு உள்ளது. மாற்றலாமா?' நடுவில் பெரிய பச்சைப் பொத்தான்: 'ஆம்'. அதன் கீழே சாம்பல் நிறத்தில், எறும்பு வரிசைபோல, 'வேறொருவரைச் சேர்க்க'.

"பச்சையா ஒண்ணு தெரியுது," என்று சொல்லி அழுத்தினாள்.

நசிமியுவின் கையிலிருந்த கணினிப் பட்டியலில் சுசானா மறைந்தாள், தோர்கா வந்தாள். குறிப்பேட்டில் பன்னிரண்டாவது வரி விழுந்தது: நீக்கம், பதிவு மேசை. பதிவு மேசையின் அபோண்டியோ இரண்டு கையையும் கட்டிக்கொண்டு ஓஜ்வாங்கின் பக்கத்திலேயே நின்றிருந்தாள்.

ஓஜ்வாங் குறிப்பேட்டை எட்டிப் பார்த்தார். "அப்ப யாருதான் அழிச்சது?"

"அந்தப் பொத்தான். அதை அங்க வச்சது நான்."

நசிமியு விளக்கினாள். நைரோபி அலுவலகத்தில் பத்துப் பேரிடம் இந்தப் பக்கத்தைக் கொடுத்துப் பார்த்தாளாம். பத்துப் பேருக்கும் சொந்தக் கைபேசி, நல்ல கண். அதனால் ஓர் எண் என்றால் ஓர் ஆள்தான் என்று நினைத்து, மாற்றும் பொத்தானைப் பெரிதாக வைத்துவிட்டாள். ஒரே எண்ணில் அடுத்தவர் வந்து பச்சையை அழுத்தியதும் பக்கம் முந்தையவரைத் துடைத்துவிட்டு அவரை வைத்தது. வெளியிலிருந்து யார் எதை மாற்றினாலும் மேசையின் பெயரில் எழுதும்படி செய்ததும் அவள்தான்.

ஓஜ்வாங் சட்டைப்பையிலிருந்த பணிநீக்கக் கடிதத்தை எடுத்துக் கிழித்தார். அபோண்டியிடம் மன்னிப்புக் கேட்டார். அவள் நசிமியுவின் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் விடவில்லை.

தோர்காவுக்கோ வேறு பயம். "நான் தப்பா அழுத்தி எல்லாரையும் கெடுத்துட்டேனா?"

"இல்லக்கா. நீங்க அழுத்திக் காட்டலேன்னா என் தப்பு எனக்குக் கடைசிவரைக்கும் தெரிஞ்சிருக்காது. எரோகமானோ."

லுயியா இனத்தவளான நசிமியுவின் வாயில் அந்தப் பெண்களின் லுவோ மொழி நன்றி கோணலாக வந்தது. பெண்கள் சிரித்து, அவள் கையில் ஒரு பொரித்த மீனைத் திணித்தார்கள். அபோண்டி அங்கேயே அமர்ந்து பன்னிரண்டு பெயர்களையும் காகிதத்தில் எழுதிக்கொண்டாள்.

சனி, காலை 8.10. முந்தைய நாள் பன்னிரண்டு பேருக்கும் அறுவை முடிந்திருந்தது. கட்டு அவிழ்த்ததும் தோர்கா ரிஸ்பாவின் கைபேசியைத்தான் முதலில் கேட்டாள். புதிய பக்கத்தில் ஒரே அளவில் இரண்டு பொத்தான்கள்: 'பழையதை மாற்ற', 'வேறொருவரைச் சேர்க்க'. இரண்டையும் எழுத்துக் கூட்டிப் படித்து, இரண்டாவதின் மேல் விரல் வைத்தாள்.

"முன்னாடி இது எவ்வளவு பெரிசா இருந்துச்சு?"

நசிமியு சுண்டுவிரல் நகத்தின் ஓரத்தைக் காட்டினாள்.

"அதைப் படிக்கிற கண்ணு இருந்திருந்தா, மகளே," என்றாள் தோர்கா, "உங்க ஆஸ்பத்திரிக்கு நான் எதுக்கு வரப்போறேன்?"