ராட்சசிக்கு ஒரு கடிவாளம்

“இருக்கறதுலேயே கடுமையான கடிவாளம் எதுவோ, அதைக் குடுங்க.”

மழையோடு மழையாகக் கடைக்குள் நுழைந்தவன் எடுத்த எடுப்பில் அதைத்தான் கேட்டான். கல்லாவில் இருந்த அவள் நிமிர்ந்தாள். அவன் முடியிலிருந்து வழிந்த நீர் இமையில் வந்து தயங்கி நின்றது... அந்தக் கண்களில் பயம் இருந்தது. இவ்வளவு உயரமான ஆளுக்கு என்ன பயம்? எதையும் தெரிந்துகொள்ளாவிட்டால் தலை வெடித்துவிடும் பிறவி அவள்.

“தர மாட்டேன்.”

“இது கடைதானே?”

“குதிரைச் சாமான் விக்கற கடை. சித்திரவதைச் சாமான் விக்கறதில்ல. உங்க குதிரை என்ன பண்ணுது, அதைச் சொல்லுங்க.”

“ராட்சசிங்க அது. இழுத்துப் பிடிச்சா இன்னும் வேகமா ஓடும். அக்கா நடத்தற சவாரிப் பள்ளி. இன்னொரு தடவை இப்படி ஓடினா வித்துடுவேன்னுட்டா. குட்டியிலேருந்து நான் வளர்த்தது...”

அவளுக்கு மனசு இளகிவிட்டது. அலமாரியிலிருந்து தடிமனான வாய்க்கம்பி வைத்த கடிவாளம் ஒன்றை எடுத்தாள்.

“கம்பி மெலிசா இருந்தா வாய் வலிக்கும். வலிக்குப் பயந்துதான் ஓடுது. தடியா இருந்தா நோகாது, நின்னுடும்.”

“பாடத்துக்குத் தனியா ஃபீஸா?”

“இன்னிக்கு இலவசம்.”

அவன் சிரித்தான். அடப்பாவி, இதை வந்தவுடனேயே செய்திருக்கக் கூடாதா என்று நினைத்துக்கொண்டாள்.

அடுத்த வாரம் வந்தபோது சிரிப்பு இல்லை. இடது கையில் கட்டு. கடிவாளத்தை மேசைமேல் வைத்தான்.

“வேலியைத் தாண்டிடுச்சு. ஞாயித்துக்கிழமை வாங்கறதுக்கு ஆள் வராங்க.”

அவள் முகத்தைப் பார்க்காமலே போய்விட்டான்.

“மாட்டின விதம் தப்பா இருக்கும்,” என்றாள், உள்ளே கணக்கு எழுதிக்கொண்டிருந்த அப்பாவிடம், வீறாப்பாக.

“அப்போ போய்ப் பாரேன்.”

“நான் எதுக்குப் போகணும்?”

சொல்லிவிட்டாளே தவிர, இருப்புக் கொள்ளவில்லை. நோகாத கம்பி போட்டும் ஏன் ஓடியது? அந்தக் கட்டு போட்ட கை வலிக்குமோ...? மறுநாள் வெட்கத்தை விட்டுக் குடையையும், எதற்கும் இருக்கட்டும் என்று வேறு சில கடிவாளங்களையும் எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

சவாரிப் பள்ளியின் லாயத்து வாசலில் அவனுடைய அக்கா மறித்தபடி நின்றாள். “நீதான் அந்தக் கடைக்காரியா?”

“ஆமாங்க. ஒரே ஒரு தடவை வாயைப் பார்த்துட்டுப் போயிடறேன்.”

ராட்சசி முறைத்தது. அவன் ஒற்றைக் கையால் அதன் கழுத்தைத் தடவிக்கொடுக்க, அவள் உதட்டை மெல்ல விலக்கினாள். கொழுத்த நாக்கு, பல்லுக்கு வெளியே பிதுங்கிக்கொண்டு. தாழ்ந்த மேலண்ணம். நடுவில் விரல் நுழையக்கூட இடம் இல்லை. இதற்குள் தடிக் கம்பியைத் திணித்தால் நாக்கு நசுங்காமல் என்ன செய்யும்? அவள் முகம் சுண்டிப்போனது.

“தப்பு என்னோடதுதான். வாயைப் பார்க்காமலேயே பாடம் எடுத்துட்டேன். இதுக்கு மெலிசுதான் சரி, நாக்குக்கு இடம் விட்டு வளைஞ்சது. கொண்டு வந்திருக்கேன்.”

“மறுபடியும் யார் கையை ஒடிக்கப் போற?” என்றாள் அக்கா.

“நானே ஏறிக் காட்டறேன்.”

“வேண்டாங்க...” அவன் பதறினான். அவள் கேட்கவில்லை.

மெலிசுக் கடிவாளத்தை மாட்டி அவள் ஏறியதும், வேலி போட்ட வட்டத்துக்குள் ராட்சசி பாய்ந்தது. தூறல் முகத்தில் அறைந்தது. இப்போதும் தப்பாகிப்போனால் குதிரையும் போகும், அவனும் போவான்... வேண்டுமென்றே இழுக்காமல், கடிவாள வாரை விரலால் லேசாக மட்டும் இறுக்கினாள். ஓட்டம் தளர்ந்தது. நடை. பிறகு, நின்றேவிட்டது.

அக்கா வேலிக் கதவைத் திறந்துவிட்டாள். “சரி, ஞாயித்துக்கிழமை வர்ற ஆளுக்குப் போன் பண்ணி வேண்டாம்னு சொல்லிடறேன்,” என்று உள்ளே போனாள்.

அவள் இறங்கினாள். அவன் இன்னும் வேலியைப் பிடித்தபடியே நின்றான், முகம் வெளுத்து.

“குதிரைதான் நின்னுடுச்சே... இன்னும் எதுக்குப் பயம்?”

“குதிரை போயிருந்தா அழுதிருப்பேன். உங்களுக்கு ஏதாவது ஆகியிருந்தா...” அவன் வேலியை விட்டு அவளருகே வந்தான். “எனக்கு உங்களை ரொம்பப் பிடிச்சிருக்குங்க. அன்னிக்குக் கோவமா வந்தேனே, அப்பவும் நீங்க கடையில இருக்கணுமேன்னு வேண்டிக்கிட்டேதான் வந்தேன்.”

அடுத்துக் கேட்பதற்கு அவளுக்கு ஒரு கேள்வியும் தோன்றவில்லை.

“எனக்கும்தான்...” என்றாள்.