வரிசையில் வெளுத்த ஒன்று

உட்காரச் சொன்ன பிறகும் பல் டாக்டர் உட்காரவில்லை. கையிலிருந்த தொப்பியைச் சுருட்டிக்கொண்டு நின்றபடியே, “இன்னிக்குச் சாயங்காலம் நான் பறக்கப் போறேன். அதுக்குள்ள என்னைக் கொல்லப் பாக்கறது யாருன்னு தெரிஞ்சாகணும்” என்றார்.

டீயோடு வந்த மருமகள் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். அவளுடைய மாமனார் இன்சூரன்ஸ் கம்பெனிக்காக எரிந்த குடோன்களையும் கவிழ்ந்த லாரிகளையும் பார்த்துப் பார்த்தே தலை நரைத்தவர். ஓய்வு பெற்று வெகுகாலம் ஆகியும் எல்லோருக்கும் அவர் சர்வேயர்தான். யாராவது ஒரு சிக்கலோடு வந்து நிற்பார்கள். அவருக்குக் கார் ஓட்டுவதும், அவர் கேட்காமல் விட்ட கேள்விகளைக் கேட்பதும் மருமகளின் வேலை. யாரும் கொடுத்த வேலை இல்லை. அவளாகவே இழுத்துப் போட்டுக்கொண்டது.

“பறக்கறதுன்னா?” என்றாள்.

“விமானத்துலம்மா. நானே கட்டினது. ஒரு ஆள் உட்கார்ற மர விமானம். ஆணி, பலகை எல்லாம் நானே பாத்துப் பாத்து வாங்கினது. முதல் தடவை பறந்து பாக்க அனுமதி கொடுத்திருக்காங்க. அது இன்னிக்கோட முடியுது. விட்டா மறுபடியும் மனு, பரிசோதனை, அலைச்சல். ஏற்கெனவே மூணு நாள் கிளம்பினேன். மூணு நாளும் யாரோ கை வச்சிட்டாங்க.”

“என்னென்ன?” என்று சர்வேயர் முதல் தடவையாக வாய் திறந்தார்.

“முதல் நாள் ரெண்டு சக்கரத்துலயும் காத்து இல்லை. காத்தடிக்கிற முனையோட மூடி ரெண்டும் என் சீட்டு மேல அழகா வச்சிருந்தது. ரெண்டாவது தடவை பெட்ரோல்ல தண்ணி. கிளம்பறதுக்கு முன்னாடி டாங்க் அடியிலேர்ந்து ஒரு கண்ணாடிக் குப்பியில கொஞ்சம் பிடிச்சுப் பார்ப்போம். அடியில தண்ணி நின்னது. அதுவும் நீல மை கலந்த தண்ணி.”

“மையா?” என்றாள் மருமகள்.

“ஆமா. மூணாவது நேத்து. வால்ல மேலும் கீழும் அசையற துடுப்பு இருக்கே, அதைப் பிடிச்சிருக்கற போல்ட். நாங்க ஒவ்வொரு நட்டையும் முடுக்கினதும் அது மேல சிவப்பு பெயின்ட்டால ஒரு கோடு போட்டுடுவோம். கோடு உடைஞ்சிருந்தா நட்டு நகர்ந்திருக்குன்னு அர்த்தம். கோடு உடைஞ்சிருந்தது. நட்டு பாதி கழண்டிருந்தது. அந்த இடத்தை மூடற தகடு ஒரே ஸ்க்ரூல தொங்கிட்டிருந்தது. மேல போய் அந்தத் துடுப்பு கழண்டா என் கதை முடிஞ்சது.”

“விமானம் நிக்கற கொட்டகைக்குச் சாவி?” என்றார் சர்வேயர்.

“மூணு. என்கிட்ட ஒண்ணு, என் மனைவிகிட்ட ஒண்ணு, என் மச்சான்கிட்ட ஒண்ணு. இன்ஜின் மெக்கானிக் என்கிட்டதான் வாங்கிப்பார். ஆனா பூட்டைத் திறக்க அவருக்குச் சாவியே தேவையில்லை.”

சர்வேயர் டீயை வாங்கி ஒரே மடக்கில் குடித்தார். “வண்டியை எடும்மா” என்றார்.

*

பறக்கும் மைதானத்தின் ஓரத்தில் தகரக் கொட்டகை. உள்ளே மரத்தூளும் பெயின்ட்டும் கலந்த வாசனை. நடுவில் நின்ற விமானத்தைப் பார்த்ததும் மருமகளுக்கு நிஜமாகவே சந்தோஷம் பொங்கிவிட்டது. மஞ்சள் நிறத்தில், துணி போர்த்திய இறக்கைகளோடு, தொட்டால் அதிரும்போல இருந்தது. ஒரு மனிதன் பல் பிடுங்கிக்கொண்டே இதையும் செய்திருக்கிறானே என்று வியந்தாள்.

டாக்டரின் மனைவி மடக்கு நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். சர்வேயர் கேட்பதற்கு முன்பே கொட்டித் தீர்த்தார்.

“எனக்கு இது பிடிக்கலைன்னு உலகத்துக்கே தெரியும். கல்யாணமான ஆம்பளை வீட்டுல தோட்டம் போடலாம், சீட்டாடலாம். இவருக்கு ஆகாயம் கேக்குது. ஆனாலும் கிளம்பறதுக்கு முன்னாடி சரிபார்க்கற பட்டியலை நான்தான் உரக்கப் படிக்கறேன். நான் படிக்க மாட்டேன்னு சொன்னா பறக்க மாட்டேன்னு என் தலையில அடிச்சு சத்தியம் பண்ணியிருக்கார்.”

“அப்புறம் ஏன் படிக்கறீங்க?” என்றாள் மருமகள்.

அந்த அம்மாள் விமானத்தைப் பார்த்தார், புருஷனைப் பார்த்தார். “அந்த மூஞ்சியைப் பாத்துட்டு எப்படிம்மா மாட்டேன்னு சொல்றது?” என்றார்.

இன்ஜின் மெக்கானிக் கரடுமுரடான ஆள். டாக்டரோடு பேசியே ஒரு மாதம் ஆகிறதாம். இன்ஜினை எந்தக் கோணத்தில் வைப்பது என்பதில் சண்டை. “என் பேச்சு எடுபடலை. சரி, போகட்டும். ஆனா முன்னாடி இருக்கற புரொப்பெல்லரை நான் கையால சுத்திவிட்டு, கட்டை விரலைக் காட்டினாத்தான் வண்டி நகரும். அது மட்டும் என் கையில. இன்ஜின் கல்லு மாதிரி இருக்கு, குறை சொல்ல ஒண்ணுமில்லை” என்றார்.

மூன்றாவது ஆள் டாக்டரின் மைத்துனன். மருந்துக்கடை வைத்திருப்பவன். இறக்கையை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தான். வேலையில் பாதி அவனுடையது. “நான் அக்கா வீட்டுல வளர்ந்தவன் சார். அத்தான்தான் படிக்க வச்சார். இவர் பறக்கறதைப் பாக்கணும்னு என்னைவிட ஆசைப்பட்டவங்க யாரும் இல்லை” என்றான். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தான்.

ஜன்னல் பலகையில் ஒரு நீண்ட வரிசை. பேப்பர் கப்பில் உறைந்து போன பசைக்கட்டிகள், ஒவ்வொன்றிலும் ஒரு எண்.

“இது எதுக்கு?” என்றாள் மருமகள்.

டாக்டருக்கு முகம் மலர்ந்தது. “மரத்தோட மரம் ஒட்டற பசைம்மா. பிசினும் அதை இறுக வைக்கற ஹார்டனரும் கலக்கணும். ஒட்டினப்புறம் உள்ளே பிடிச்சிருக்கா, இல்லையான்னு பிரிச்சுப் பாக்க முடியாது. அதனால ஒவ்வொரு தடவையும் கப்புல மிஞ்சினதை அப்படியே வச்சுடுவோம். அது கல்லா இறுகினா உள்ளே இருக்கறதும் இறுகியிருக்கு. பரிசோதகர் வந்தப்போ ஒண்ணு விடாம நகத்தால குத்திப் பார்த்தார்.”

ஜன்னல் வெயிலில் கட்டிகள் தேன் நிறத்துக்குப் பழுத்திருந்தன. மருமகள் சிரித்துவிட்டாள். “உங்க கொட்டகையிலயும் பல்வரிசைதான் டாக்டர். வெத்தலை போட்ட வாய் மாதிரி மஞ்சளா. நடுவுல ஒண்ணே ஒண்ணு மட்டும் கட்டின பல் மாதிரி வெள்ளை!”

டாக்டரும் சிரித்தார். சர்வேயர் சிரிக்கவில்லை. அந்த வெளுத்த கட்டியை எடுத்து நகத்தால் குத்தினார். கல்தான்.

“இந்த எண் போட்ட பசையை வச்சு ஒட்டினது யாரு?”

“மச்சான்தான். எனக்கு டைபாய்டு வந்து படுத்திருந்தேன். அந்தச் சமயத்துலதான் இறக்கையோட நடுச்சட்டத்தை ஒட்டினான். மொத்த கனத்தையும் தாங்கறதே அதுதான். தனியாளா நின்னு முடிச்சான், பாவம்.”

சர்வேயர் கட்டியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

*

வெளியே வேப்பமர நிழலில் மருமகளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. “மாமா, அந்த அம்மாதான். பிடிக்கலைன்னு வாயாலேயே சொல்றாங்க. இல்லைன்னா மெக்கானிக். சண்டை வேற.”

“கொல்ல நினைக்கிறவன் மூடியை எடுத்துச் சீட்டு மேல வைப்பானா?”

அவள் யோசித்தாள்.

“பெட்ரோலுக்கு அடியில தெளிவான தண்ணி நின்னா சில சமயம் கண்ணுக்குத் தப்பிடும். அதுல மை கலந்தது எதுக்கு? நட்டைக் கழட்டினவன் தகட்டைத் தொங்கவிட்டுட்டுப் போனது எதுக்கு? கண்டுபிடிக்கணும்னே பண்ணியிருக்கான். டாக்டரைக் கொல்லலை. தரையிலேயே பிடிச்சு வைக்கப் பாக்கறான்.”

“அப்படின்னா அந்த அம்மாவேதானே?”

“அந்த அம்மாவுக்குப் பட்டியலைப் படிக்காம இருந்தா போதும். மெக்கானிக்குக்குக் கட்டை விரலைக் காட்டாம இருந்தா போதும். ரெண்டு பேரும் உட்கார்ந்த இடத்துலேர்ந்தே தடுக்கலாம். திருட்டுத்தனமா வந்து தடுக்க வேண்டியவன் யாரு? தடுக்கறதுக்குக் காரணத்தைச் சொல்லியாகணும், ஆனா அந்தக் காரணத்தைச் சொல்ல முடியாதுங்கறவன்.”

கொட்டகைப் பக்கம் தகரக் கதவு உருளும் சத்தம் கேட்டது. வெயில் தாழ்ந்திருந்தது, காற்றும் அடங்கியிருந்தது. விமானத்தை வெளியே தள்ளிக்கொண்டிருந்தார்கள்.

“மாமா, கிளம்பறாங்க!”

சர்வேயர் ஓடுகிற வயதைத் தாண்டியவர். அவள் ஓடினாள்.

*

டாக்டர் உள்ளே ஏறி இருக்கைப் பட்டையை மாட்டிவிட்டார். மனைவி பட்டியலை உரக்கப் படித்தார். “சக்கரம்.” “சரி.” “பெட்ரோல்.” “சரி.” “வால்.” “சரி.” மெக்கானிக் புரொப்பெல்லரில் கை வைத்தார். மருமகள் மூச்சிரைக்க வந்து அவருடைய முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

“என்னம்மா இது?” என்று டாக்டர் சீறினார்.

“ஒரே ஒரு கேள்வி” என்றபடி சர்வேயர் வந்து சேர்ந்தார். சட்டைப்பையிலிருந்து வெளுத்த கட்டியை எடுத்து இறக்கையின்மேல் வைத்தார். “டாக்டர், இந்தப் பசை வெயில் பட்டா மஞ்சளாகும், இல்லையா?”

“ஆமா.”

“இதுக்கு முந்தின எண்ணும் மஞ்சள், அடுத்த எண்ணும் மஞ்சள். அதே ஜன்னல், அதே வெயில். இது மட்டும் ஏன் ஆகலை?”

டாக்டர் கட்டியையே பார்த்தார். தினமும் வாய்க்குள் எது சொந்தப் பல், எது கட்டின பல் என்று பார்க்கிற கண். புரிய நேரமாகவில்லை. “இது புதுசு” என்றார் மெதுவாக.

“பரிசோதகர் வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி ஊத்தினதா இருக்கும். அப்போ பழைய கட்டி எங்கே? கல்லா இறுகியிருந்தா அதை எதுக்குத் தூக்கிப் போடணும்?”

மைத்துனன் கையிலிருந்த ஈரத்துணி கீழே விழுந்தது.

“அத்தான், இறங்குங்க” என்றான். “தயவு பண்ணி இறங்குங்க.”

பிறகு அவனால் நிறுத்த முடியவில்லை. “ரெண்டு டின்னும் ஒரே மாதிரி இருந்தது அத்தான். மேல்பூச்சு பெயின்ட்டுக்கு வாங்கின ஹார்டனரை எடுத்துப் பசையில கலந்துட்டேன். கடையில ஒரு சொட்டு தப்பா கொடுத்ததில்லை நான். மறுநாள் கப்பைத் தொட்டா மிட்டாய் மாதிரி ஒட்டுது. நீங்க காய்ச்சல்ல, ‘நடுச்சட்டம் முடிஞ்சுதாடா, முடிஞ்சுதாடா’ன்னு கேட்டுக்கிட்டே இருந்தீங்க. முடிஞ்சுதுன்னு சொல்லிட்டேன். கப்பை எறிஞ்சிட்டேன். போகப் போக இறுகிடும்னு என்னை நானே ஏமாத்திக்கிட்டேன். அது மேல நீங்க ஒவ்வொரு பலகையா ஒட்ட ஒட்ட, எப்படிச் சொல்றதுன்னே தெரியலை.”

டாக்டர் பட்டையைக் கழற்றி இறங்கினார். சட்டைப்பையிலிருந்து பல் சொத்தையைக் குத்திப் பார்க்கும் வளைந்த ஊசியை எடுத்தார். இறக்கைக்கு அடியில் மல்லாந்து படுத்து, உள்ளே ஓடும் கேபிளைப் பார்ப்பதற்கு விட்டிருந்த சின்ன வட்டத் தகட்டைத் திறந்து கையை நுழைத்தார். ஒரு இடத்தில் குத்தினார். டிக் என்றது. மரம். கொஞ்சம் தள்ளி, இரண்டு மரம் சேரும் கோட்டில் குத்தினார். சத்தமே வரவில்லை. ஊசி உள்ளே போய் நின்றது.

அவர் வெகுநேரம் அப்படியே படுத்திருந்தார். எழுந்தபோது முதுகெல்லாம் புழுதி. மனைவி தம்பியின் கன்னத்தில் ஓங்கி ஒன்று வைத்தார். வைத்த கையாலேயே அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

“நேத்து அந்தத் தகடு தொங்கறதை நான் பாக்காம விட்டிருந்தா?” என்றார் டாக்டர்.

மைத்துனன் தலை குனிந்தான். “கதவுக்குப் பின்னாடியே நின்னேன் அத்தான். பாக்கலைன்னா வந்து விழுந்திருப்பேன்.”

“விழுந்திருப்பியா?”

அவனால் ஆமாம் என்று சொல்ல முடியவில்லை. மருமகளுக்கு அவன்மேல் இருந்த ஆத்திரம் அங்கேயே பாதி வடிந்துவிட்டது. மீதிப் பாதி வடியவில்லை.

“மூணு தடவை திருடன் மாதிரி வந்தே. ஒரு தடவை வாயைத் திறந்திருக்கலாம். பல் டாக்டர்கிட்ட வாயைத் திறக்க என்னடா பயம்?” என்றார் டாக்டர். சிரிப்பு மாதிரிதான் ஆரம்பித்தது. முடிக்கும்போது குரல் உடைந்துவிட்டது.

மைதானத்தில் வெளிச்சம் மங்கத் தொடங்கியிருந்தது. இன்றைய அனுமதி இன்றோடு சரி. மெக்கானிக் புரொப்பெல்லரிலிருந்து கையை எடுத்தார். ஒரு மாதம் பேசாமல் இருந்தவர், “உள்ளே தள்ளலாம் டாக்டர். நான் ஒரு பக்கம் பிடிக்கறேன்” என்றார்.

கொட்டகைக்குள் போனதும் டாக்டர் சுவரில் மாட்டியிருந்த கத்தியை எடுத்தார். மஞ்சள் இறக்கையை ஒரு தடவை தடவிப் பார்த்தார். பிறகு கத்தியை மைத்துனனிடம் நீட்டினார்.

“துணியை நீயே கிழி.”

அவன் கத்தியை வாங்கித் துணியில் வைத்தான். டாக்டர் விலகிப் போகவில்லை. துணி கோணலாகக் கிழியாமல் இருக்க, மறுமுனையை இழுத்துப் பிடித்துக்கொண்டார்.